இறால் இல்லாத வடை

உயர்திரு சுப்பராயன் அவர்கள் சமூகத்துக்கு,

திருவொற்றியூரிலிருந்து கருணாகரன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், மங்கம்மா, மகள் சினேகா மூவரும் சுகம். அங்கே உங்கள் மேலுதடு சுகமா? இடது கண் திறந்துவிட்டதா? சம்பந்தி என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் போனில் நீங்கள், "எறா ஆவாதுன்னு தெரிஞ்சே போட்டுக்கீற. உன் வூட்ல இனிமே பொண்ணு எடுக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டதால், பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐயா, நடந்ததைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி குறிக்க வருகிறீர்கள் என்றதுமே மங்கம்மாவுக்குப் பேஜாராகிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது, வஞ்சிரம் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படி இலை போடுவது என்று ஒரே புலம்பல். சரி, சென்னாக்குன்னி வடையாவது சுடலாம் என்றால், அந்தப் பொடி இறாலும் உங்களுக்கு ஆகாது. இறால் பிடித்தே மூன்று மாடி எழுப்பிய மனிதர் ஒரு இறாலைக்கூட வாயில் வைக்க முடியாததை நினைத்து நான் பலமுறை கண் கலங்கியிருக்கிறேன். அப்போதுதான் சினேகா ஈசல் டப்பாவை எடுத்து வந்தாள்.

ஆமாம், ஈசல்தான். மழை பெய்தால் டியூப்லைட்டைச் சுற்றுமே, அதுவே. பெண் சத்துணவுப் படிப்பில் பூச்சி உணவைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள். கூடப் படிக்கும் யசோதரா திருத்தணிப் பக்கத்து உறவுக்காரர்களிடம் வாங்கிவந்த வறுத்த ஈசல் அது. கறிக்குக் குறையாத புரதம், இரும்புச் சத்து, நல்ல கொழுப்பு, முள் கிடையாது, தடைக்காலமும் கிடையாது என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, நான் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். வறுத்த வேர்க்கடலை தோற்றது போங்கள், கையை நிறுத்தவே முடியவில்லை. "நைனா, மாமாவுக்கு எறாதானே ஆவாது? இதுல இன்னா கீது?" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பொடித்து வடை மாவில் கலந்தோம். நீங்கள் பதினொரு வடை சாப்பிட்டு, இப்படி ஒரு வடையைத் தின்றதே இல்லை என்று வாயாரச் சொன்னீர்கள். பன்னிரண்டாவதைக் கையில் எடுக்கும்போதுதான் உங்கள் உதடு உங்களை முந்திக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா டோரதியைப் போய்க் கேட்டேன். இறாலும் பூச்சியும் தூரத்துச் சொந்தமாம், இறால் ஆகாதவருக்குப் பூச்சியும் ஆகாமல் போகலாமாம். இந்தச் சொந்தம் எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. ஒற்றியூர் வடிவுடையம்மன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வடையில் இறாலின் ஒரு மீசைகூட இல்லை. ஈசல் டப்பாவையும் அன்றைக்கே கடலில் வீசிவிட்டேன். குற்றம் என்னுடையது, தண்டனை பிள்ளைகளுக்கு வேண்டாம். சினேகா மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை ஐயா.

உங்கள் முகம் பழைய அளவுக்கே திரும்பி, தடை நீங்கியதும் படகு நிறைய மீனோடு நீங்கள் கரையேற வேண்டும். வீட்டில் கெங்கம்மா அண்ணிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கருணாகரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மங்கம்மா படித்துக்காட்டச் சொன்னாள். சத்தியம் வந்த இடத்தில் அவள் முகம் மாறியது. "ஈசல் மட்டும் போட்டா சப்புனு கீதுன்னு, வாசனைக்கு ஒரு பிடிதானே, இன்னா ஆவப்போவுதுன்னு சென்னாக்குன்னி நான்தான் போட்டேன்" என்றாள். ஆகவே மேற்படி சத்தியத்தைப் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். ஈசல் மேல் பழியில்லை என்று தெரிந்ததும் சினேகா சோற்றுத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இக்கடிதத்தைக் கொண்டுவருவது உங்கள் மகன் வெற்றிதான். திங்கட்கிழமை முதல் சாயங்காலமெல்லாம் இங்கேதான் இருக்கிறார். கடலில் வீசியதாக நான் எழுதிய டப்பா அவர் கையில் இருக்கும். பாதிக்குமேல் காலி. அவருக்கு எங்கேயும் வீங்கவில்லை, சம்பந்தி.