கார் பார்க்கப் போன ஞாயிறு

கார் நகரவில்லை. அது பரவாயில்லை, ஓடாத கார் என்று தெரிந்துதான் எழிலன் பார்க்க வந்திருந்தான். ஆனால் எஞ்சினும் இப்படிக் கல்லாய் உட்கார்ந்திருந்தால் எப்படி?

ராயபுரத்தில் இன்னாசி வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில், இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத அந்தச் சீமைக் கார் பாதி வேலையில் நின்றது. கதவுகள் சுவரில் சாய்ந்திருந்தன. சீட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மீன் பெட்டி கவிழ்ந்திருந்தது. இன்னாசி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரானவர். ஆசைப்பட்டுப் பிரித்த காரைத் திரும்பப் பூட்டத் தெரியாமல் பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார். எழிலன் பூத்திலிருந்து போன் செய்தபோது அவர் விலையைப் பற்றிப் பேசவேயில்லை. தம்பிக்கு என்ன வேலை என்றுதான் துருவித் துருவிக் கேட்டார். பெண் கொடுக்கிறவர் மாதிரி விசாரிக்கிறாரே என்று எழிலனுக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது.

துறைமுக ஒர்க்‌ஷாப்பில் கிரேன் எஞ்சின்களோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் அவன் மனசுக்குள் ஒரு திறந்த கார் எண்ணூர்ப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் மனைவி யசோதரா. லாரி கிடையாது, கரிப்புகை கிடையாது. கடல் மட்டும் கூடவே வரும். இந்தக் கனவைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன யசோதரா, அன்று காலை வியாசர்பாடி வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"போய்ப் பாத்துகினு வா. நல்லா கீதுன்னா வாங்கு. இல்லாங்காட்டி காரு கீருன்னு இனிமே இந்த வூட்ல பேச்சே கூடாது."

ஆக, எஞ்சின் ஓடியே தீர வேண்டும். சும்மா கண்ணால் பார்த்துவிட்டு நல்லது கெட்டது சொல்வதும் அவனுக்கு ஆகாது. ஓடவிட்டுக் காதால் கேட்காத எஞ்சினைப் பற்றி அந்த ஒர்க்‌ஷாப்பில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தான். எஞ்சின் சுற்றியது, ஆனால் பொறி வரவில்லை. டோல்கேட் கடைத்தெருவுக்கு ஓடி, தோஸ்து ஒருவனிடம் பேட்டரியை இரவல் வாங்கி வந்து மாட்டினான். பொறி வந்தது, பெட்ரோல் வரவில்லை. கார்பரேட்டரைப் பிரித்தால் உள்ளே எறும்புகள் குடும்பம் குட்டியோடு இருந்தன. அவற்றைக் காலிசெய்து மாட்டியதும் பெட்ரோல் வந்தது. வரக்கூடாத இடங்களிலிருந்தெல்லாம் வந்தது. மறுபடி டோல்கேட்டுக்கு ஓடிப்போய்ப் புது டியூப் வாங்கி வந்து பூட்டினான். யசோதரா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை இதற்குள் கைத்துணியாகியிருந்தது.

அவன் ஓய்ந்து உட்கார்ந்த நேரத்தில் இன்னாசி மெல்ல முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"இந்தக் கைக்குத்தான் தம்பி இந்த வண்டி இத்தினி நாளா காத்துகினு இருந்துச்சு."

அதைக் கேட்டதும் அலுப்பெல்லாம் பறந்துபோனது. எழுந்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். கார் இருமியது, கனைத்தது, பிறகு நிதானமாக முணுமுணுக்கத் தொடங்கியது.

எழிலன் மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தான். தகரக் கூரை கழன்று போய்விட்டது. திருவொற்றியூர் தாண்டி, கப்பல்கள் வரிசையாக நிற்கிற கடலோரம் கார் மிதந்துகொண்டிருந்தது. யசோதரா ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகப் போயேன் என்று பொய்க்கோபத்தோடு சொன்னாள். அவன் மெதுவாகப் போக மாட்டேன் என்றான். அந்தச் சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கியது.

எண்ணூர் வரை போய்த் திரும்பிய பிறகுதான் எஞ்சினை அணைத்தான்.

"நைனா, இன்னா வெலன்னு சொல்லு. இன்னிக்கே முடிச்சிக்கலாம்."

வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாக இன்னாசி உள்ளே போனார். போனவர் வரவில்லை. வெகுநேரம் கழித்து அவர் மனைவி பிலோமிதான் டீயோடு வந்தார். இன்னாசி முன்வாசல் வழியாக மாதா கோயிலுக்குப் போய்விட்டாராம். எழிலன் கையிலிருந்த கிரீஸைப் பார்த்து அந்த அம்மாளுக்கு மனசு இளகிவிட்டது.

"தங்கமான புள்ளப்பா நீ. போன மாசம் வாங்க வந்தவரும் இப்டிதான், நாள் பூரா குந்திகினு பிரேக்கு போட்டுக் குடுத்தாரு. வர்ற ஞாயித்துக்கெழம காரு சீட்டு தைக்கிறவரு ஒருத்தரு வாங்க வராரு."