எண்பத்தேழில் ஒன்று குறைகிறது

பேரன்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நான், உங்கள் தங்கை, எண்பத்தேழு பிளாஸ்டிக் துண்டுகள் ஆகிய அனைவரும் சௌக்கியம். அங்கே அக்காவும், குறிப்பாக உங்கள் இடது முழங்காலும், சௌக்கியமா என்று அறிய ஆவல்.

ஒரு பெரிய சேதி. உங்கள் கப்பலை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்! பதறாதீர்கள், முழங்கை நீளம்தான். நீங்கள் முப்பத்தொரு வருடம் சுக்கான் பிடித்த அதே மாதிரி இழுவைக் கப்பல், துண்டு துண்டாக ஒரு பெட்டிக்குள் அடைபட்டு, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் உள்ளே நுழைந்துவிட்டேன். அடுத்த ஞாயிறுக்குள் முடித்து, நானே கொண்டுவந்து உங்கள் மடியில் வைப்பேன். டாக்டர் நடக்கச் சொல்லி மூன்று மாதம் ஆகியும் வாசற்படி இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறீர்களாம். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. நாற்காலியிலேயே இருங்கள்.

எனக்கு அவசரக்குடுக்கை என்று பட்டம் சூட்டியவர் நீங்கள். ஒருமுறை வெளிக்கடலுக்குப் போய் நீங்கள் கரை திரும்பும்போது, உங்களை அழைத்துவர முதல்நாளே துறைமுக வாசலில் போய் நின்றேன், அவ்வளவுதான் என் குற்றம். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக விசில் ஊதியே காலம் தள்ளியவனுக்கு ரத்தத்திலேயே அவசரம் ஊறியிருக்காதா? ஆனால் மச்சான், அந்த ஆள் செத்துப்போனான். இப்போது இருப்பது பொறுமையின் மறு உருவம். கடைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சார், பெயின்ட் அடிக்கிறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி கழுவணும், வெட்டணும், தேய்க்கணும், ப்ரைமர் அடிக்கணும். அவசரப்பட்டா போச்சு." அந்த வரிசை அப்படியே மனப்பாடம்.

கழுவுவதில் தொடங்கினேன். அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய் துண்டுகளின் மேல் படிந்திருக்குமாம், அது போகாவிட்டால் பெயின்ட் பிடிக்காதாம். துண்டுகளோ ஜன்னல் கம்பி மாதிரி ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண். சட்டம் பாத்திரத்துக்குள் அடங்கவில்லை. அடங்காததை வெட்டுவதுதானே முறை? நகவெட்டியை எடுத்து ஒரே மணி நேரத்தில் எண்பத்தேழையும் நறுக்கிப் போட்டு, சோப்புத் தண்ணீரில் முக்கி, குழாயைத் திறந்தேன். நங்கூரம் மிதந்துபோய் வடிகால் ஓட்டைக்குள் குதித்துவிட்டது! தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைக் கழற்றினேன். நங்கூரம் கிடைத்தது, கூடவே உங்கள் தங்கையின் காணாமல்போன கம்மலும் கிடைத்தது, சமையலறை பூராவும் தண்ணீரும் கிடைத்தது. கம்மல் கிடைத்ததால் தலை தப்பியது. ஈரம் காயட்டும் என்று காத்திருக்கத்தான் நினைத்தேன், ஆனால் தலைமுடி உலர்த்தும் மெஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொடிமரம் சூட்டில் வளைந்து என்னைக் கும்பிட்டது. வெந்நீரில் போட்டு நிமிர்த்திவிட்டேன். இப்போது லேசாகத்தான் கும்பிடுகிறது.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. எண்களெல்லாம் சட்டத்தில் இருக்கின்றன, சட்டம் குப்பையில் இருக்கிறது, எது எந்தத் துண்டு என்று எப்படித் தெரியும்? கடைக்காரருக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர், "எல்லாத்தையுமா சார்?" என்றார். எல்லாத்தையும்தான் என்றேன். உங்கள் தங்கை தலையில் அடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டி, வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டே நாளில் அத்தனையையும் பிரித்துக் கொடுத்தாள். பொடித் துண்டுகள் தொலையாமல் இருக்க கிழமைக்கு ஓர் அறை உள்ள என் வாராந்திர மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தாள். இதுவரை எல்லாம் நல்லபடி.

அடுத்தது தேய்ப்பது. வெட்டின இடத்தில் பருப் போல ஒரு மேடு இருக்கும், அதை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து எடுக்க வேண்டும். செவ்வாய் அறையிலிருந்து காற்றுக்குழாய் மூடி ஒன்றை எடுத்து அரை மணி நேரம் தேய்த்தேன். என்ன அருமையாகத் தேய்ந்தது! வெள்ளை வெளேரென்று மாவாகக் கொட்டியது! முடிவில் விரல் நுனியில் ஒன்றுமே இல்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை தண்ணீர்க் குவளையோடு வந்தாள்.

"ஏங்க, செவ்வாய்க்கிழமை பிரஷர் மாத்திரை போட்டாச்சா?"

"தேய்ச்சாச்சு" என்றேன்.

அன்று எனக்கு உண்மையிலேயே பிரஷர் ஏறியது. நல்லவேளை, புதன்கிழமை நான் வாய்க்குள் போடப்போன காற்றுக்குழாய் மூடியை அவள் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

கடைசியில் ப்ரைமர். சுவருக்கு வண்ணம் பூசுவதற்கு முன் அடிப்போமே, அதேதான், இது சாம்பல் நிறம். ஒவ்வொரு துண்டையும் பல்குத்தும் குச்சியில் மாட்டி எதிலாவது குத்தி நிறுத்த வேண்டும். சோபா மெத்தையைவிட வாகான இடம் உண்டா? குச்சிகளை நட்டு முடித்துக் கொஞ்சம் எட்ட நின்று ரசிக்கிறேன், மின்சார மீட்டர் பார்ப்பவர் உள்ளே வந்தார். உங்கள் தங்கை வாய் தவறி, "உக்காருங்க தம்பி" என்றாள். அவர் உட்காரப்போனார். பழைய விசில் கழுத்தில் தொங்கியதால் பிழைத்தோம். ஊதிய ஊதலில் மனிதர் நேராக வாசலுக்கே போய் நின்றார். மீட்டரை இன்னும் பார்க்கவில்லை.

இப்போது எல்லாம் ப்ரைமர் பூசிக்கொண்டு வரிசையாகக் காய்கின்றன. மச்சான், பார்க்கப் பார்க்கக் கண் நிறைகிறது! இருபத்துநாலு மணி நேரம் தொடக்கூடாது. நான் தொடவில்லை. கை பரபரக்கிறது என்பதால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். இனிமேலாவது அந்தப் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். புகைபோக்கியின் பட்டை சிவப்பா ஆரஞ்சா என்று மட்டும் எழுதிப் போடுங்கள், போதும். உங்கள் முழங்கால் இரும்பாகட்டும், அக்காவின் பொறுமை பெருகட்டும் என்று வேண்டிக்கொண்டு,

அன்பு மறவாத,
(முன்னாள்) அவசரக்குடுக்கை

பி.கு.: ஒரு விபரீதம் நடந்துவிட்டது. இந்தக் கடைசித் தாளை மடிக்கப் போனால், பின்பக்கத்தில் சுக்கான் சக்கரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது! ஈர ப்ரைமரின் வேலை. பிய்த்தால் உடைந்துவிடும். நீங்களும் பிய்க்காதீர்கள். பதில் தபாலில் அனுப்பினால் நொறுங்கிவிடும், அக்காவிடம் கொடுத்தனுப்பினால் தொலைந்துவிடும். சுக்கான் இல்லாத கப்பல் கப்பலே இல்லை. ஆகையால், நானே கொண்டுவருவேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள், வேறு வழியில்லை, தாளோடு நீங்களேதான் எடுத்து வந்தாக வேண்டும்.

அண்ணா, நான்தான் எழுதுகிறேன். இவர் சொல்வதை நம்பாதே. அது ப்ரைமர் இல்லை, பசை. சக்கரத்தை உற்றுப் பார், சாம்பல் நிறமே இருக்காது. பசை தடவி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இருபதுவரை எண்ணினார், நான் கதவுப் பக்கம் நின்று பார்த்தேன். நாலு நாளாக இந்தச் சக்கரத்தை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மச்சான் கையால ஒட்டினாத்தான் அது அவர் கப்பல்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டுக்குப் பதினொரு படிதான், எண்ணிவிட்டேன். மெதுவாக ஏறலாம். வா அண்ணா. கடிதத்தை இன்னும் தபாலில்கூடப் போடவில்லை, அதற்குள் உன்னை அழைத்துவர பஸ் ஸ்டாப்புக்குப் போய் நிற்கிறார்.