கனுப்பிடியும் வெள்ளை ஆந்தையும்

விவரம் தெரியாமல் காட்டும் பக்தியைப் போல ஆபத்து வேறில்லை. மயிலாப்பூரிலிருந்து கனடா வரை விமானம் ஏறிப் போய் இதைக் கற்றுக்கொண்டேன்.

என் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம், பொங்கல் சமயத்தில், அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். குளிர் என்றால் மார்கழியில் மாடவீதியில் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டுவது என்று நினைத்திருந்தவள் நான். அங்கே மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அக்காவின் கணவர், அதாவது என் அத்திம்பேர், ஒரு பறவைப் பைத்தியம். துருவப் பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் இறங்கி வரும் வெள்ளை ஆந்தையை ஒரு தடவையாவது படம் பிடித்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். பொங்கலன்று, அது வீட்டுக்குப் பின்னாலுள்ள வயல் பக்கம் வந்திருப்பதாகச் சேதி.

"நாளைக்குக் கார்த்தால யாரும் சத்தம் போடப்படாது" என்றார். தலையாட்டினேன். (தூக்கக் கலக்கத்தில் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டுவேன்.)

மறுநாள் கனு. கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் காக்காய்க்குச் சாதம் வைக்கும் நாள். எனக்கு ஒரே தம்பி. அந்த வாரம் அவனுக்கு இன்டர்வியூ வேறு. விடுவேனா? மஞ்சள் சாதமும் சிவப்புச் சாதமும் உருண்டை பிடித்து, மஞ்சள் இலைக்குப் பதில் அலுமினியத் தாளில் பரப்பி, அக்காவின் கோட்டை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். பனியில் வைத்துவிட்டு, எங்கள் மொட்டை மாடியில் கூப்பிடும் அதே தொண்டையில், "கா! கா! கா!" என்றேன்.

வந்தன. முதலில் ஒன்று, பிறகு ஒரு பட்டாளம். பெருமையாக நின்றேன். ஆனால் ஒன்றுகூடச் சாதத்தைத் தொடவில்லை. வேலிக் கம்பத்தின் மேலிருந்த பனிக்குவியலைச் சுற்றிச் சுற்றிக் கத்தின, கொத்தப் பாய்ந்தன. அந்தப் பனிக்குவியல் கண்ணைத் திறந்தது!

இரண்டு மஞ்சள் கண்கள் என்னை ஒரு பார்வை பார்த்தன. அடுத்த நிமிஷம் அது இறக்கையை விரித்துக்கொண்டு வயலைத் தாண்டிப் பறந்தது, பின்னாலேயே மொத்தக் காக்காய்களும். அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம், வெள்ளைப் போர்வைக்குள் கேமராவோடு படுத்திருந்த அத்திம்பேர் எழுந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய சிநேகிதர்கள், ஒவ்வொருவராக.

"இப்பத்தாம்மா லென்ஸ் மூடியைக் கழட்டினேன்" என்றார். மூடி இன்னும் கையிலேயே இருந்தது.

"காக்காய்க்குத்தான் அத்திம்பேர்... தம்பி நன்னா இருக்கணும்னு..."

"அவன் நன்னா இருப்பான். நான்?"

தம்பிக்கு வேலை கிடைத்தது. ஆந்தை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கூடிவரும் காரியத்தைக் கெடுத்தால், "கா கான்னுட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். அத்திம்பேருக்கு மட்டும் என் மேல் கோபமே இல்லையாம். கனடாவுக்கு வரச்சொல்லி டிக்கெட்கூட அவரே எடுத்து அனுப்புகிறார், தவறாமல் ஜூன் மாதத்துக்கு.