கேப்டன் எரிக்கும் இஸ்பேட் ராணியும்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இன்னொருவர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். அந்த உயிருக்கு அன்று எந்த ஆபத்தும் இல்லை என்பதுதான் அதிலிருந்த சிறு குறை.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. பழுதான பாகத்தைக் கண்டால் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். அடுத்தவன் தலையில் தள்ளக் கூடாது. இதைப் பகலெல்லாம் உபதேசிக்கிற நான், காலையில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும்போது, அடுத்தவன் தலையில் தள்ளுவதையே போனில் ஓர் ஆட்டமாக ஆடிக்கொண்டிருந்தேன்.

நாலு பேர் ஆடும் சீட்டாட்டம். காசு கிடையாது. பெரிய சீட்டு போட்டவர், விழுந்த நாலையும் அள்ளிக்கொள்ள வேண்டும். மற்ற ஆட்டங்களில் அள்ளினால் லாபம்; இதில் அள்ளினவன் தொலைந்தான். ஆர்ட்டின் சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி தண்டம். இஸ்பேட் ராணி வந்தால் பதின்மூன்று. அந்த மகராசியை யார் தலையிலாவது கட்டுவதுதான் ஆட்டமே.

எதிராளிகள் முகம் தெரியாதவர்கள். அங்கே என் பெயர் ‘டெரர் டைகர்’ (வீட்டில் கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறுகிற ஆள்). என் பரம விரோதியின் பெயர் ‘கேப்டன் எரிக்’. பெயரை வைத்தே அவருக்கு ஆறடி உயரமும் செந்தாடியும், வாசலில் முழங்கால் அளவு பனியும் கொடுத்திருந்தேன். பஸ் வடக்குப்பட்டில் ஆள் ஏற்றத் திரும்பும் இடத்தில் எனக்குச் சிக்னல் போய்விடும். மறுபடி உள்ளே வந்து பார்த்தால் எரிக்கும் அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருப்பார். ஒரு நாளல்ல, மூன்று மாதம். பாவம், அவர் ஊரிலும் டவர் சரியில்லை போலும் என்று முடிவு செய்தேன். (பழுதுக்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.)

அப்போது என் மகள் யாழினிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அவளே பார்த்து வைத்த பையன். பையனின் அப்பா தணிகாசலம் எங்கள் கம்பெனியிலேயே பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர். அதே பஸ், எனக்கு மூன்று வரிசை முன்னால். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் வீட்டிலிருந்து நகை, சீர் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: பெண்ணின் அப்பாவுக்குக் குடி, சீட்டு ஏதாவது உண்டா?

என் மனைவி மலர் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே இல்லை என்றாள். பிறகு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

“ஞாயித்துக்கெழம தட்டு மாத்துற வரைக்கும் அந்தப் போன்ல சீட்டு கீட்டு ஆடினீங்க, இன்னா செய்வேன்னு எனக்கே தெரியாது.”

யாழினி என்னைப் பார்த்தாள். அதற்கு மலரின் கத்தலே பரவாயில்லை.

நாலு நாள் தாக்குப்பிடித்தேன். வெள்ளிக்கிழமை, செய்தித்தாளுக்கு நடுவே போனைச் செருகி, ஒரே ஓர் ஆட்டம். எரிக் வந்துவிட்டார். பெரிய டைமன் ஒன்றைப் போட்டார். என்னிடம் டைமன் இல்லை; இல்லாதவன் எதையும் போடலாம். அத்தனை நேரம் அடைகாத்த இஸ்பேட் ராணியை அவர் தலையில் இறக்கினேன்.

அதே நொடியில் மூன்று வரிசை முன்னால் தணிகாசலம் நெஞ்சில் கை வைத்து, “ஐயோ, போச்சே” என்று சரிந்தார்.

இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரிந்த எவனுக்கும் புரிந்திருக்கும். நானோ பாய்ந்தேன். கம்பெனி முதலுதவிப் பயிற்சியில் நான் விழித்திருந்த ஐந்து நிமிடங்களும் அப்போது கை கொடுத்தன. பஸ்ஸைத் திருப்பச் சொன்னேன். அவரைக் கடைசி இருக்கையில் கிடத்தி, சட்டைப் பொத்தானைப் பிய்த்து, மார்பை அமுக்கினேன்.

“எனக்கு ஒண்ணும் இல்ல சார், வுடுங்க.”

“பேசாதீங்க. பேசினா ஆபத்து.”

அவர் எழப் பார்த்தார். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் திருநெல்வேலிப் பையன்கள் இரண்டு பேர், “அண்ணாச்சி, அசையக் கூடாது, கேட்டியளா” என்று கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது பேரோடு பஸ் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. யாரோ இரண்டு வீட்டுக்கும் போன் செய்துவிட்டார்கள். அரை மணியில் கட்டிலைச் சுற்றி அவர் மனைவி வசந்தா, மகன், மலர், யாழினி. ஒரே அழுகை.

டாக்டரம்மா இ.சி.ஜி. தாளைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். தணிகாசலம் மின்விசிறியைப் பார்த்தார்.

நான்தான் உதவிக்கு வந்தேன். மனிதர் சிவனே என்று உட்கார்ந்து வந்தார், எல்லாம் வேலை டென்ஷன் என்றேன். பஸ் தரையிலிருந்து நான் பத்திரமாக எடுத்து வந்த அவருடைய போனையும், கையோடு என்னுடையதையும் மேஜை மேல் வைத்தேன்.

பாதியில் எழுந்து போனவர்களைக் கூப்பிட அந்த ஆட்டத்தில் ஒரு மணி உண்டு. அது அடித்தது. இரண்டு போனிலும்.

யாழினி கைக்கு ஒன்றாக எடுத்துப் பார்த்தாள்.

“யாரு கேப்டன் எரிக்?”

என் கண்ணெதிரே செந்தாடி உதிர்ந்தது. பனி உருகி ஓடியது. விபூதி நெற்றியும் மார்பு நிறைய ஒயருமாகப் படுத்திருந்த தணிகாசலம் ஒரு விரலை மட்டும் தூக்கினார்.

“டெரர் டைகர்?” என்றாள் யாழினி, மற்ற போனைப் பார்த்து.

நான் தொண்டையைக் கனைத்தேன்.

மலர் தலையில் கை வைத்துக்கொண்டாள். யாழினியின் கல்யாணம் அந்த மேஜை மேல் கிடந்தது. வசந்தாதான் முதலில் வாயைத் திறந்தார், கணவரிடம்.

“பொண்ணோட அப்பாவுக்குச் சீட்டுப் பழக்கம் கீதான்னு என்னைக் கேக்கச் சொன்ன வாய்தானே இது?”

தணிகாசலம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“அந்த ராணிய எப்போலேர்ந்து வெச்சிகினு இருந்தீங்க?”

“மொதல்லேர்ந்தே.”

“மூணு மாசமா என் உசுர எடுத்தது நீங்கதானா, சம்பந்தி?”

சம்பந்தி. அந்த வார்த்தையை அவர் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார். யாழினி பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பது பேர் வேலைக்குத் தாமதமானதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். முதலுதவிக் குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றினோம். அவர்கள் தட்டில் வெற்றிலைக்கு அடியில் ஓர் இஸ்பேட் ராணி இருந்தாள்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வேட்டி மடிப்பில் வைத்துத் திருப்பி அனுப்பினேன். மாம்பழக் கூடையில் திரும்பி வந்தாள். பேத்திக்கு வாங்கிய தொட்டில் மெத்தைக்குள் போனாள். போன வாரம் சம்பந்தி வீட்டு அதிரச டப்பாவில் மறுபடி வந்து சேர்ந்திருக்கிறாள்.

பொங்கல் வரிசையை இந்த முறை நானே கட்டுகிறேன் என்றேன். சாமி படத்தைப் பார்த்துப் பொய் சொன்ன மலர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அரிசில வெக்காதீங்க, அவரு கையவுட்டுத் துழாவுவாரு. வெல்லத்துக்கு அடியில வெய்யுங்க.”