கண்ட்ரோல் எம் போட்ட நவநாள் ஜெபம்

டக். டக். டக்.

கண்ணைத் திறக்கல. திறக்காமலே தெரிஞ்சுது, வெங்காயம் நறுக்குற சத்தம். அதுவும் கோவத்துல. நான் செராமிக் கம்பெனியில ராத்திரி சூளை பாக்குறவன். ஜாடியைத் தட்டினா விரிசல் இருக்குதான்னு காதே சொல்லிடும். வூட்டு விரிசலுக்கு அந்த அளவு திறமைகூடத் தேவையில்ல.

"வெயிலு உச்சிக்கு வந்துடுச்சு. பேப்பர் அடிக்கப் போறீங்களா, இல்லியா?"

அன்னைக்கு வேலை இவ்வளவுதான். என் மனைவி பிலோமினா கையால எழுதி வச்ச ஜெபத்தை டைப் அடிச்சு, பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் போடணும்.

எங்க சர்ச்சுல சனிக்கிழமை சாயங்கால நவநாள் ஜெபத்தை வாரம் ஒரு தெருக்காரங்க நடத்துவாங்க. அந்த வாரம் எங்க தெரு. மைக்குல பிலோ. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அந்த மைக்கு மேல அவளுக்கு ஒரு கண்ணு. போன வாரம் நடத்தின மேலத்தெரு ஸ்டெல்லா அக்கா கையெழுத்தை ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டாங்களாம். உடனே இவ எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டா: "எங்க வூட்டுக்காரரு கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு. புஸ்தகம் மாதிரி வரும், பாருங்க!"

கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு! பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கின ஷார்ட்கட் கீ புத்தகம் ஒண்ணு, அதுல பாதி. அதான் என் மொத்தப் படிப்பு.

"சொதப்பினீங்கன்னா நான் இனிமே அந்த மைக்குப் பக்கமே தலை வச்சுப் படுக்க முடியாது, ஆமா."

கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அதை நடத்துற கௌரி என்னைப் பாத்ததும் சொல்லுச்சு: "அண்ணே, காலியா இருக்கறது அந்த ஒரு சிஸ்டம்தான். அதுல மவுஸு வேலை செய்யாது. சாயங்காலமா வாங்களேன்."

"மவுஸெல்லாம் தெரியாதவங்களுக்கும்மா. நமக்குக் கீபோர்டு போதும்."

வாயி இருக்குதே!

உக்காந்தேன். படுத்தா வராத தூக்கம் உக்காந்தா வரும், அது என் ஜாதகம். மேல ஃபேன் வேற. பாதிக்கு மேல என்ன அடிச்சேன்னு எனக்கே தெரியாது, விரலு மட்டும்தான் முழிச்சிருந்துச்சு.

அடுத்தது அழகு. ஓரத்துல ஆரம்பிக்கிற பத்தி பிலோ படிக்கிறதுக்கு. உள்ள தள்ளி ஆரம்பிக்கிற பத்தி ஜனங்க எல்லாரும் சேந்து சொல்றதுக்கு. கண்ட்ரோலோட எம்மைத் தட்டினா பத்தி ஒரு படி உள்ள போவும். ஜனங்க பத்தியை ஒண்ணொண்ணா தட்டினேன். போச்சு! எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையிலேயே, விரலை எடுக்காம, தூங்கிட்டேன்.

"அண்ணே! என்னாண்ணே இது?"

முழிச்சுப் பாத்தா, பத்தி போய்க்கிட்டே இருந்திருக்குது. வலது ஓரத்துல முட்டி, எழுத்தெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, சுவத்துல எறும்பு எறங்குற மாதிரி எறங்குது.

பதட்டத்துல கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் க்யூ. உள்ள தள்ளினது எல்லாம் ஓரத்துக்கு வந்துடுச்சு. எல்லாம்னா எல்லாமும்! போட்டதைத் திரும்ப வாங்க கண்ட்ரோல் ஜெட்டுன்னு ஒண்ணு இருக்குதாம். அது புத்தகத்தோட அடுத்த பாதியில.

"கரண்டு போற நேரம்ணே, சீக்கிரம்."

யோசிச்சேன். பிலோ ஒண்ணு, ஜனங்க ஒண்ணு, மாறி மாறித்தானே வருது? படிச்சுப் பாக்குறதுக்கு நேரம் ஏது. ஒண்ணு விட்டு ஒண்ணு தள்ளிக்கிட்டே போனேன். தூக்கக் கலக்கத்துல நடுவுல ஒரு ஜெபத்தை என்டர் தட்டி ரெண்டா உடைச்சிருக்கேன். அது எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் சர்ச்சு நிறைஞ்சிருந்துச்சு. பிலோ பட்டுப்புடவையில. மைக்கைத் தட்டிப் பாத்தா.

"ஓரத்துல இருக்கறதை நான் படிப்பேன். உள்ள தள்ளி இருக்கறதை நீங்க எல்லாரும் சேந்து சத்தமா சொல்லுங்க."

முதல் ரெண்டு ஜெபம் தேனு! ஸ்டெல்லா அக்கா முகம் சுண்டிப்போச்சு. மூணாவதுல பிலோ, "வாடி நிற்கும் எங்கள் வயல்களுக்கு" ன்னு ஆரம்பிச்சா. ஜனங்க, "நல்ல மழையைத் தாரும்" ன்னாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உடைஞ்ச ஜெபம் அதுதான். அதுக்கப்புறம் எல்லாம் தலைகீழு.

பிலோ ஒண்டியா, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

சர்ச்சே ஒரே குரல்ல, மீசைக்காரங்க உட்பட: "இரவு வேலைக்குப் போகும் என் கணவருக்குப் பகலில் நல்ல தூக்கத்தைத் தாரும்!"

எனக்கு முன் பெஞ்சுல லாரி ஓட்டுற அந்தோணி. சொல்லி முடிச்சுட்டுத்தான் யோசிச்சாரு. மெதுவா திரும்பி என்னைப் பாத்தாரு.

பிலோ பேப்பரைக் கண்ணுகிட்ட கொண்டுபோய், "ஆண்டவரே, கேட்டருளும்."

ஜனங்க: "இப்போது எல்லாரும் முழந்தாளிடவும்!"

அடுத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டு எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்காங்க. பிலோ மட்டும் முழந்தாளிட்டா.

அதுக்குள்ள ஜனங்களுக்கு ருசி கண்டுடுச்சு. காத்திருக்கல. கடைசி பத்திக்கே தாவிட்டாங்க: "ஜெபம் முடிந்ததும் சுண்டல் உண்டு. பிள்ளைகள் முண்டியடிக்க வேண்டாம்!" பிள்ளைங்கதான் அதைச் சொல்றதுல ரொம்பச் சத்தம்.

சிரிப்பு தொடங்கிடுச்சு. ஃபாதர் கைக்குட்டையால முகத்தை மூடிக்கிட்டாரு. நான் பெஞ்சுக்கு அடியில எடம் இருக்குதான்னு பாத்தேன்.

பிலோ எழுந்தா. பேப்பரை மடிச்சு இடுப்புல சொருகினா. மைக்கை வாய்கிட்ட இழுத்தா.

"சுண்டல் எங்கியும் ஓடிடாது. எல்லாரும் பேப்பரை மடிங்க. நான் சொல்றேன், கேட்டுச் சொல்லுங்க."

மடிச்சாங்க. மீதி ஜெபம் முழுக்க மனப்பாடமாச் சொன்னா. ஒரு தடங்கல் இல்ல. ஒரு குழந்தை அழல.

வெளியில ஸ்டெல்லா அக்கா வந்தாங்க. "பிலோ, அடுத்த தடவ எங்க வூட்டுக்காரரு குறட்டைக்கும் ஒண்ணு எழுதிடு."

பின்னாலயே ஃபாதர். "அடுத்த மாசம் திருவிழா ஜெபம் நீதாம்மா நடத்தணும். பேப்பர் மட்டும் வேணாம்."

அவளும் நானும் வூட்டுக்கு வந்தோம். வாசப்படி ஏறினதும் கேட்டா:

"டைப் அடிக்கும்போது அந்த வரியைப் படிக்கவே இல்லியா நீங்க?"

"எந்த வரி?"

"உங்களுக்காக எழுதினது."

"இல்ல பிலோ. தூங்கிட்டேன்."

என் முகத்தை ஏறிட்டுப் பாத்தா. சிரிப்பா, அழுகையா, சூளைக்காரனுக்கே புரியல.

"ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு. தூக்குச் சட்டியைக் கழுவிட்டு வாங்க."

கொல்லைப்பக்கம் போய், அடியில ஒட்டியிருந்த சோத்துப் பருக்கையைச் சுரண்ட ஆரம்பிச்சேன்.