எங்கள் தெருப் பிஸ்டல்காரர்

கோயமுத்தூரிலேயே திருடன் எட்டிப் பார்க்காத தெரு எங்கள் தெருதான். நாய்க்கும் கேமராவுக்கும் அதில் பங்கில்லை, பெருமையெல்லாம் பிஸ்டல்காரருக்கே. அவர் வாரப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

பம்ப்செட் பட்டறை நடத்தியவர். மதுக்கரைப் பக்கம் தோட்டம், அதில் ஒற்றை வீடு. அதைச் சொல்லி லைசென்ஸ் கேட்டு, வருடக்கணக்கில் கலெக்டர் ஆபீசுக்கு நடந்து, கடைசியில் பிஸ்டல் வாங்கிவிட்டார். அதுவும் சாதாரணப் பிஸ்டல் இல்லை. கம்பெனி கொஞ்சமே செய்து நிறுத்திக்கொண்ட லிமிடெட் எடிஷன். பாக்கெட்டில் போடும் குட்டி ரகம் இல்லை, முழு சைஸ். செதுக்கிய மரக் கைப்பிடி. இவ்வளவும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கண்ணால் பார்த்தவர் தெருவில் ஒருவரும் இல்லை. ஆயுத பூஜைக்குக்கூடப் பெட்டிக்குத்தான் சந்தனம் வைப்பார். பிஸ்டலுக்கு வைத்தால் பாலிஷ் போய்விடுமாம்.

எனக்கோ அதைப் பார்க்காமல் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. கேட்டால் பாடம்தான் கிடைக்கும். மிலிட்டரிக்காரர்களின் ஒன்பது எம்.எம். நமக்குத் தரமாட்டார்கள், லைசென்ஸ்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது பாயிண்ட் முப்பத்திரண்டு தோட்டாதான் என்று ஆரம்பிப்பார். "ஒரு அமுக்குக்கு ஒரு வெடிங்க. காலிக் கூடு வெளிய குதிச்சுரும், அடுத்தது தானா ஏறி உக்காந்துக்குமுங்க" என்று ஆட்காட்டி விரலை மடக்கிக் காட்டுவார். விரலைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவேன்.

தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டரில் கொண்டுபோனால் கீறல் விழும் என்று என் காரைக் கேட்டார். பின் சீட்டில் பெட்டிக்கு பெல்ட் மாட்டினார், தனக்கு மாட்டிக்கொள்ளவில்லை. வழி நெடுக, "ஏனுங்க, மெதுவாப் போங்க, உள்ள ஆடுதுங்க" என்று ஒரே பாட்டு.

ஸ்டேஷனில் பெட்டி திறந்தது. அழகுதான், பொய் சொல்லக் கூடாது. எஸ்.ஐ.யே நாற்காலியை விட்டு எழுந்து குனிந்து பார்த்தார். பிறகு லைசென்ஸைப் புரட்டிக்கொண்டே தோட்டா எங்கே என்று கேட்டார்.

பிஸ்டல்காரர் என்னைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். வீட்டில் மறந்து வைத்துவிட்டதாக முணுமுணுத்தார்.

எஸ்.ஐ.யின் முகம் மாறியது. "தோட்டா வாங்குன பதிவே இதுல இல்லீங்களே. அப்புறம் ஊட்டுக்கு எப்படிங்க வந்துச்சு? மேல எழுதிப்போட்டா லைசென்ஸே போயிருமுங்க."

பிஸ்டல்காரர் மறுபடி என்னைப் பார்த்தார். என் முன்னால் பேசச் சங்கடப்படுகிறார் என்று புரிந்து நான் எழுந்தேன். அவரோ என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

"தோட்டாவே இல்லீங்க சார். இதுவரைக்கும் ஒண்ணுகூட வாங்குனதில்லீங்க. ஊட்டுல அம்மணிக்கு வெடிச் சத்தம் ஆகாதுங்க, நெஞ்சு அடைச்சுக்கும். தோட்டா வாங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துத்தானுங்க இதையவே வாங்குனேன்."

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். தோட்டா இல்லை என்று எழுதிக்கொண்டு ரசீதை நீட்டினார்.

திரும்பும்போது பிஸ்டல்காரர் ரசீதை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். காரை விட்டு இறங்கும்போது, "தெருவுல சொல்லிப்போடாதீங்க கண்ணு" என்றார். அந்த மனிதர் மேல் அப்போது எனக்கு வந்த பிரியம் கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக என் மனைவி கேட்டாள்: "அவருகிட்ட எத்தனை தோட்டாங்க இருக்குது?"

"பொட்டி நிறைய" என்றேன்.