பேனிக்கில் தொடங்கி அன்ஈஸியில் முடிந்த ஓட்டுநர் தேர்வு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். உன் நலத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்து குண்டாகவும் சில எழுத்து பட்டினி கிடந்தது போலவும் இருக்கும். ‘ஞ’ வருகிற இடத்தில் காகிதம் கிழிந்திருந்தால் அது என் கோபம் இல்லை, அந்த எழுத்துக்குள் போனால் எனக்கு வெளியே வர வழி தெரிவதில்லை. ஏதாவது ஒரு வரி மேலே ஏறி முந்தின வரியின் மடியில் உட்கார்ந்திருந்தால் மெதுவாக இறக்கிவிட்டுப் படி. “இந்த வயசுல அ, ஆ படிச்சு ஜட்ஜாவா ஆகப் போறீங்க?” என்று சிரித்தாயே, இப்போது பார், இங்கிலீஷ் வரைக்கும் வந்துவிட்டேன்.

விஷயம் நம்ம பெரியவளைப் பற்றியது. சலவை நிலையத்தில் இஸ்திரி மேசை முன்னால் நின்று நின்று என் மகளுக்குக் கால் வீங்கிப் போனது உனக்குத் தெரியும். ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு ஏற்றிப் போகும் வேனின் டிரைவர் வேலையை விட்டுவிட்டார். முதலாளியம்மா இவளைக் கூப்பிட்டு, “வெள்ளிக்கிழமைக்குள்ள லைசென்ஸோட வந்தா சாவி உனக்கு. இல்லைன்னா வேற ஆளு. அப்புறம் நீ காலம் பூரா இஸ்திரிதான்” என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை தேர்வு. இவளோ பழகும்போது ராணி மாதிரி ஓட்டுவாள், தேர்வு அதிகாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், கையும் ஓடாது காலும் ஓடாது. ஒரு தடவை இன்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைப் போட்டு, வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். போன தடவை தேர்வு முடிந்ததும் இறங்கி, அதிகாரியை உள்ளேயே வைத்துக் காரைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த வாரம் பார்த்து எங்கள் முதியோர் மாலை வகுப்பில் டீச்சரம்மா பதற்றத்துக்கான இங்கிலீஷ் சொற்களை நடத்தினார். மச்சான், இந்த இங்கிலீஷ்காரர்கள் பயப்படுவதில் எவ்வளவு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள் தெரியுமா! நமக்கு என்றால் வயிற்றில் புளி கரைய வேண்டும், நாக்கு ஒட்ட வேண்டும், கால் பின்ன வேண்டும், பயத்தைச் சொல்ல உடம்பு முழுவதையும் வேலை வாங்க வேண்டும். அவர்களுக்கு ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. மனசுக்குள் என்னவோ சரியில்லை, அது அன்ஈஸி. கை வியர்த்தால் நெர்வஸ். கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடினால் ஃப்ளஸ்டர்ட். உதறல் எடுத்தால் ஷேக்கன். அப்புறம் ஓடிவிடலாமா என்று தோன்றும் பார், அது பேனிக். “ஒவ்வொண்ணும் முன்னதைவிட ஒரு படி கூட. நாம எந்தப் படியில நிக்கிறோம்னு வாய்விட்டுச் சொல்லிட்டாலே பாதி பயம் இறங்கிடும்” என்றார் டீச்சரம்மா.

படி என்றதும் எனக்குப் பொறி தட்டியது. மாவைக் காய்ச்சிப் பசை கிண்டி, அந்த இங்கிலீஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே பெரிது பெரிதாக எழுதி, எங்கள் மாடிப்படியில் படிக்கு ஒன்றாக ஒட்டிவிட்டேன். “கீழ்ப்படி லேசு, மேல போகப் போகக் கனம். ஏறும்போதெல்லாம் வாசிச்சு மனசுல ஏத்திக்கோம்மா” என்று பெரியவளிடம் சொன்னேன். இங்கிலீஷ் வாசனையே இல்லாதவள், ஈரத் துணி மூட்டையோடு ஏறும்போதும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். நானும் வருகிறவர்களை எல்லாம் விடவில்லை. கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவரை நிறுத்தி, “தம்பி, நீங்க இப்ப எந்தப் படி?” என்று கேட்டேன். “பெரியவரே, முதல்ல இதை இறக்க விடுங்க, அப்புறம் எந்தப் படியில வேணும்னாலும் நிக்கிறேன்” என்றார். பசை காயாத படியில் வீட்டுக்காரரின் செருப்பு ஒட்டிக்கொண்டு, அவர் மட்டும் ஒற்றைக் காலில் மேலே வந்து சேர்ந்தார். உன் அக்காவிடம் “நீ எந்தச் சொல்?” என்று கேட்டதற்கு, “இது அத்தனைக்கும் சேர்த்து என்கிட்ட ஒரே சொல்லுதான் இருக்கு, அது நீங்கதான்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை தேர்வு மைதானத்தின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். சலவை இயந்திரச் சத்தத்தின் மேல் கத்திப் பழகிய குரல் அவளுக்கு, காரின் கண்ணாடியும் இறக்கியிருந்தது. சாவியைத் திருப்பினாள். உடனே, “சார், நான் இப்ப பேனிக்!” என்றாள். அதிகாரி இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டார். முதல் வளைவில் “ஷேக்கன் சார்!” என்றாள். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும்போது “ஃப்ளஸ்டர்ட்!” குறுக்கே ஒரு நாய் வந்தது, பிரேக் போட்டாள், “நெர்வஸ்!” அதிகாரி ஒரு கையைக் கதவிலிருந்து எடுத்தார். கடைசியில், நான் நின்ற வேலிக்குப் பக்கத்திலேயே இருந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் போய் நிறுத்த வேண்டும். அவளை ஒவ்வொரு தடவையும் கவிழ்த்த இடம் அது. எனக்கு வேலியே ஆடியது. அவளோ, “அன்ஈஸி” என்று ஒரே ஒரு தடவை, மெல்லச் சொன்னாள். கார் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக நின்றது!

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். “எல்லாரும் ‘நல்லா இருக்கேன் சார்’னு சொல்லிட்டுத்தான் கம்பத்துல இடிப்பாங்க. பேனிக்ல ஆரம்பிச்சு, கஷ்டம் கூடக் கூட அமைதியாகிட்டே வந்த ஆளை இன்னைக்குத்தாம்மா பார்க்கிறேன்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பாஸ், மச்சான், பாஸ்! எல்லாம் படிப்பின் மகிமை. நேற்று சாவியும் கைக்கு வந்துவிட்டது. பயம் என்பது சொல்லச் சொல்ல இறங்குகிற பொருள் என்பதை உன் அத்தான் நிரூபித்துவிட்டான். நீயும் பல் பிடுங்கப் போவதைத் தள்ளிப்போடாமல், இந்தச் சொற்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு தைரியமாகப் போ.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உனக்கு இரண்டிலும் பாதி.

இப்படிக்கு,
உன் அத்தான் (கைநாட்டு இல்லை, கையெழுத்து)

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டீச்சரம்மா வாழ்த்துச் சொல்ல வந்தார். பாதிப் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர் எழுந்திருக்கவே இல்லை. “ஐயா, இதை எங்கிருந்து ஒட்ட ஆரம்பிச்சீங்க?” என்றார். “மேலேயிருந்துதாம்மா. எழுதினா மேலேயிருந்து கீழே வரணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?” என்றேன். அதாவது மச்சான், லேசான அன்ஈஸி உச்சிப்படிக்கும், பேனிக் அடிப்படிக்கும் போய்விட்டன. ஏறிப் படித்தவளுக்கு எல்லாம் தலைகீழ். காரைக் கிளப்பும்போது அவளுக்கு வெறும் சங்கடம்தான். போகப் போகத்தான் பயம் ஏறியிருக்கிறது. பெரியவளைக் கூப்பிட்டு, “அந்தக் கம்பத்துக்கிட்ட எப்படிம்மா இருந்த?” என்று கேட்டேன். “அதான் சொன்னேனேப்பா, அன்ஈஸி. கண்ணையே மூடிட்டேன்” என்றாள். உண்மையைச் சொன்னேன். முகம் வெளுத்துவிடும், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று பயந்தேன். அவள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, “மூடிக்கிட்டே பாஸ் பண்ணவ, திறந்து வெச்சுக்கிட்டு ஓட்ட மாட்டேனா?” என்றாள். திங்கட்கிழமை முதல் ஓட்டத்தில் நான்தான் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டுமாம். ஆகவே பல் விஷயத்தில் நான் சொன்னதை நம்பி அவசரப்படாதே. முதலில் நான் போய் வருகிறேன், எந்தச் சொல் வரைக்கும் போனேன் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.